எட்டு நாள் ஓட்டம்

நிரோஷன் காலை ஐந்தே முக்காலுக்கு எழும்புவான். ஹோலில் இருக்கும் சோபாவில்தான் படுக்கை. போர்வையை நான்காக மடித்துத் தலையணை மேல் வைப்பான். பல் துலக்குவான். கேத்திலில் ஒரு கோப்பைக்கு அளந்து தண்ணீர் ஊற்றுவான். பால் வாங்குவதில்லை. வெறுந்தேத்தண்ணி, ஒரு கரண்டி சீனி. யன்னலைத் திறந்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரியும். ஆறு மணி கழிந்ததும் கோட்டைப் பக்கம் ஒரு ரயில் போகும். அலுமாரிக் கண்ணாடி அதிரும். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து, குளித்து, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, ஏழேகாலுக்குக் கதவைச் சாத்துவான். கதவின் உட்பக்கத்தில், முன்பு ஒரு பித்தளைக் கொண்டி இருந்த இடத்தில், நான்கு திருகாணித் துளைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் சாத்தப் பழகிவிட்டான். நாலாம் மாடியிலிருந்து லிஃப்டில்தான் இறங்குவான். லிஃப்ட் பழுதான நாட்களில், அது திருத்தப்படும்வரை வீட்டுக்குள்ளேயே இருப்பான்.

பதினொரு மாதமாக இதில் மாற்றமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் முன், மணிக்கூட்டுக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

மூன்று தட்டு. சிறு இடைவெளி. இரண்டு தட்டு.

அவன் கேத்திலை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான். ஊசலின் ஓசை மட்டும் வந்தது. மேசைக்குப் போய், பரிசோதனைத் தாளில் இரண்டாம் நாளுக்கு எதிரே எழுதினான்: காலை 6.20, பெட்டிக்குள் தட்டும் ஓசை, தோள் உயரம். பேனாவை மூடி வைத்தான். பயம் ஒன்றும் வரவில்லை. அவனுக்கு எதுவும் வந்து நெடுநாளாகிவிட்டது.

மணிக்கூடு அவனுடையதல்ல. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடி வீட்டில் ஜவாஹிறா நடத்தும் ஏலக்கடையில் அவன் பட்டியல் எழுதுபவன். எந்தப் பொருள், எந்தக் காலம், எங்கே விரிசல், எதை மாற்றியிருக்கிறார்கள் என்று பார்த்து ஏலப் புத்தகத்தில் எழுத வேண்டும். இந்தத் தடவை ஏலம் முழுக்க மணிக்கூடுகள். மேசையில் வைக்கும் சிறியவை ஆறு, நிலத்தில் நிற்கும் ஆளுயர மணிக்கூடுகள் மூன்று. அவற்றில் இரண்டு ஓடாது. மூன்றாவது, கண்ணப்பன் வீட்டிலிருந்து வந்தது, ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் என்று சொன்னார்கள்.

“சென்னா போதுமா?” என்றாள் ஜவாஹிறா. “எட்டு நாள் ஓடுமிண்டு புத்தகத்துல போட்டா எட்டு நாளும் ஓடோணும் தம்பி. போன வருசம் ஒரு டொக்டர் ஆறாம் நாள் நிண்டு பெய்த்திண்டு திருப்பிக் கொண்டாந்து போட்டாரே, மறந்துட்டா? இங்க மழ ஒழுகுது. ஒங்கட வீட்ல வெச்சிப் பாருங்க.”

“நாலாம் மாடி, மெடம்.”

“லிஃப்ட் ஈக்கிதானே. பேச்சுத் தொணைக்கி ஆளில்லாத வீடு. இது டிக்கு டிக்குண்டாவது பேசும்.” சொன்ன பிறகு அவளுக்கே என்னவோ போலிருந்தது. “குத்தமா எடுக்க வாணாம்,” என்று மெல்லச் சொல்லிவிட்டு, விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

கண்ணப்பன் அறுபது வயதுக்காரர். புறக்கோட்டையில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பம். மணிக்கூட்டின் நீண்ட நடுக்கதவைச் சணல் கயிற்றால் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்.

“தானாத் தொறந்துக்கும் தம்பி. அதான் கட்டு.”

“சாவி இல்லையா?”

“இருக்கு. எங்கப்பா பூட்ட விடமாட்டாரு. ஏன்னு கேட்டா, பூட்டாதன்னா பூட்டாத, அவ்வளவுதாம்பாரு. எங்களுக்கு இது ஓடுனாலும் ஒண்ணு, நின்னாலும் ஒண்ணு. பையன் ஃபிளாட்டு வாங்கிட்டான். அங்க இத நிக்க வைக்கணும்னா மேல் வீட்டுக்காரன் தரையில ஓட்டை போடணும்.” சிரித்தார். சிறிய இரும்புச் சாவியைத் தந்தார்.

மணிக்கூடு லிஃப்டுக்குள் போகவில்லை. தலைப்பகுதியைக் கழற்றி, உடலை வெள்ளைப் படுக்கை விரிப்பில் சுற்றி, நான்கு பேர் படியால் சுமந்தார்கள். ஒருவன் சிங்களத்தில், “மாத்தயா, உள்ளே ஆளிருக்கா? இந்தக் கனம் கனக்கிறதே,” என்று கேட்க மற்றவர்கள் சிரித்தார்கள். நிரோஷன் லிஃப்டில் மேலே போய்க் காத்திருந்தான். எதிர்வீட்டு சிவமணி அன்ரி கதவைத் திறந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ பிள்ளை! நெஞ்சடைச்சுப் போச்சு. என்ன இது?”

“மணிக்கூடு அன்ரி. வேலை விசயம்.”

“மணிக்கூட்டை ஆரும் இப்பிடி வெள்ளை சுத்திக் கொண்டுவருவினமே? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாந்தானே.” பிறகு அவளுடைய கண் அவன் கதவடிக்கு, அந்தச் சீமெந்துத் தரைக்குப் போனது. அவன் மனைவி தனுஷியாவை அந்த இடத்தில் முதலில் கண்டவள் அவள்தான். கதவைச் சாத்திக்கொண்டாள்.

படுக்கையறைக் கதவுக்கும் குசினிக்கும் இடையிலிருந்த சுவரில் அதை நிறுத்தினான். படுக்கையறைக் கதவு பதினொரு மாதமாகச் சாத்தியபடியே கிடந்தது. ஊசலை மாட்டினான். இரண்டு ஈயக் குண்டுகளையும் கயிற்றில் கொளுவினான். அயலவர்கள் குறை சொல்லக்கூடாதென்று மணி அடிக்கும் சுத்தியலைத் துணியால் சுற்றினான். குண்டுகள் உச்சிக்கு ஏறும்வரை சாவி கொடுத்தான். ஏலப் புத்தகத்துக்குப் படம் எடுக்கக் கதவு மூடியிருக்க வேண்டும். சணல் கயிற்றோடு படமெடுக்க முடியாது. பூட்டினான். சாவியை வீட்டுச் சாவி வளையத்திலேயே கோர்த்தான்.

மூன்றாம் நாளும் ஆறு இருபதுக்குத் தட்டியது. மூன்று, பிறகு இரண்டு. நெஞ்சு உயரம்.

இதற்குத் தொழிலில் ஒரு விளக்கம் உண்டு. குண்டுகள் நாளுக்கு ஒரு சாண் அளவில் இறங்கும். பெட்டி சுவரோடு இறுக்கமாக இல்லாவிட்டால் ஊசலின் ஆட்டம் பெட்டிக்குத் தொற்றும், பெட்டியிலிருந்து குண்டுகளுக்குத் தொற்றும், குண்டு ஆடிக் கதவில் முட்டும். டொக்டரின் மணிக்கூடு ஆறாம் நாள் நின்றதும் அதனால்தான். நிரோஷன் துளைபோட்டு, பெட்டியின் முதுகைச் சுவரோடு இரண்டு ஆணிகளால் இறுக்கினான். கையால் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை.

அன்று மத்தியானம் பாலசுந்தரம் மாமா தொலைபேசியில் வந்தார். தனுஷியாவின் தாய்மாமன், கிருலப்பனையில் இருக்கிறார்.

“நிரோசன், திவசத்துக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு. நினைவு மலர் அச்சுக்குக் குடுக்கவேணும். நீர் ஒரு பக்கம் எழுதித் தாரும்.”

“எழுதுறன் மாமா.”

“அக்கா ஒண்டு கேக்கிறா. பிள்ளை கடைசியா என்ன சொன்னவள் எண்டு அந்த வரியைப் படத்துக்குக் கீழே போடோணுமாம். நீர் அண்டைக்குச் சொன்னீர். எனக்கு வடிவா ஞாபகமில்லை.”

“தேத்தண்ணி போட்டுத் தரட்டோ எண்டு கேட்டவ, மாமா.”

“பார், போற நேரத்திலையும் உமக்குத் தேத்தண்ணி,” என்றார் மாமா. செருமினார். “எட்டண்டைக்கு எல்லாம் முறைப்படி செய்தனாங்கள்தானே. நிம்மதியாப் போயிருப்பாள்.”

“ஓம் மாமா.”

அவள் இறந்த எட்டாம் நாள் அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்தார்கள். இடியப்பம், சொதி, பொரித்த சூடை மீன், ஒரு கோப்பை பால். பின்னேரம் அதையெல்லாம் ஒரு பெட்டியில் கட்டி, கடற்கரை வீதியும் ஒழுங்கையும் சந்திக்கும் இடத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். திரும்பி வரும்போது ஒருக்காலும் பின்னால் பார்க்கக்கூடாது என்று மாமா இரண்டு தரம் சொன்னார். பார்த்தால் போகிறவர் நின்றுவிடுவாராம். பத்தடி நடந்ததும் நிரோஷன் பார்த்தான். பெட்டியில் ஒரு நாய் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. வேறொன்றும் இல்லை. நாய் தலையை நிமிர்த்தி, அவனைப் பார்க்காமல், அவனுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்து வாலைத் தாழ்த்தியது.

மாமாவிடம் அதைச் சொல்லவில்லை.

நாலாம் நாள், ஞாயிறு, மழை. யன்னலைத் திறக்காமல் இருந்தான். ஈரச் சீமெந்தும் உப்பும் கலந்த மணத்தோடு, பழைய மரத்தின் உள்ளிருந்து வரும் மெழுகு மணமும் சேர்ந்து ஹோல் முழுக்கக் கனத்துக் கிடந்தது. ரயில் போன பிறகும் அலுமாரிக் கண்ணாடி வெகுநேரம் அதிர்ந்துகொண்டிருப்பது போலிருந்தது. ஆறு இருபது. மூன்று, பிறகு இரண்டு. வயிற்று உயரம்.

பெட்டி சுவரோடு ஆணியடிக்கப்பட்டிருந்தது. அவன் கதவைத் திறந்து குண்டுகளைப் பார்த்தான். அசைவில்லாமல், செங்குத்தாக, தொங்கின. விரலால் ஒன்றைத் தள்ளிக் கதவின் உட்பக்கத்தில் முட்டவைத்தான். ‘தொம்’ என்றது, ஈயத்தின் மந்தமான ஓசை. காலையில் கேட்டது அது இல்லை. காலையில் கேட்டது, மடக்கிய விரல் மொளியின் ஓசை.

கதவைத் திறந்தே விடலாம் என்று நினைத்தான். ஆனால் அது தானாக ஆடி, ஒவ்வொரு ஊசல் ஆட்டத்துக்கும் ஒருமுறை கிறீச்சிட்டது. பூட்டினான்.

ஐந்தாம் நாள், இடுப்பு.

அன்று கடையில் அவனுக்குக் கை ஓடவில்லை. மேசை மணிக்கூடு ஒன்றின் பக்கத்தில் தொங்கிய நூலை இழுத்தால், முடிந்துபோன மணியை அது திரும்ப அடித்துக் காட்டும். விளக்கில்லாத காலத்தில் படுக்கையில் கிடந்தபடியே நேரம் அறியச் செய்த ஏற்பாடு. அவன் நூலை இழுத்துக்கொண்டேயிருந்தான். பதினொன்று. பதினொன்று. பதினொன்று.

“தம்பி, அந்த நூல் அந்துடும்,” என்றாள் ஜவாஹிறா. கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தாள். “மொகம் சரியில்ல. ஓடுதா அந்தப் பெரியது?”

“ஓடுது.”

“பொறவென்ன?”

“மெடம், ஒரு சத்தத்தைக் கேட்டும் எழும்பாமல் படுத்திருந்திருக்கிறீங்களா?”

“அதென்ன கேள்வி. சுபஹுத் தொழுகைக்கி அலாரம் அடிக்கக்கொள்ள ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான்.” சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்தினாள். “என்ன சத்தம் தம்பி?”

“ஒண்டுமில்லை,” என்றான்.

ஆறாம் நாள் தட்டு, முழங்காலுக்குச் சற்று மேலே வந்தது. அப்போது அவன் குசினி வாசலில் நின்றான். கையில் சீனிக் கரண்டி. அந்த உயரம் அவனுக்குத் தெரிந்ததுதான்.

பதினொரு மாதத்துக்கு முன், முந்தைய இரவு ஏலப் பொருட்களைக் கட்டிவிட்டுத் தாமதமாக வந்து படுத்தவன், காலையில் தனுஷியா செருப்பு மாட்டும் சத்தத்தைக் கேட்டான். பால் முடிந்திருந்தது. லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே முட்டு வருத்தம், படி ஏறினால் மூச்சு இழுக்கும். மருந்துக் குழல் ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. அவள் போன பிறகு அவன் எழும்பிக் கழிவறைக்குப் போனான். திரும்பும் வழியில், ஒவ்வொரு இரவும் செய்கிற பழக்கத்தில், கை தானாகப் போய்க் கதவின் கொண்டியைப் போட்டது. படுத்தான்.

அவளிடம் சாவி இருந்தது. கொண்டி போட்ட கதவுக்குச் சாவி எதற்கு.

சாவி இருந்தாலும் அவள் தட்டித்தான் வருவாள். மூன்று, பிறகு இரண்டு. அன்றும் தட்டினாள். தூங்கிவிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை என்று பொலிசுக்குச் சொன்னான், மாமாவுக்குச் சொன்னான், அவளுடைய அம்மாவுக்குச் சொன்னான். கேட்டது. அரைத்தூக்கத்தில், இன்னும் ஒரு நிமிடம் என்று நினைத்து, தலையணையைக் காதின் மேல் இழுத்தான். நாலு மாடி ஏறி வந்தவள் தோள் உயரத்தில் தட்டினாள். பிறகு நெஞ்சு உயரத்தில். பிறகு இன்னும் கீழே. தட்டு ஏன் கதவில் இறங்கிக்கொண்டு போகிறது என்று அவன் யோசித்ததும் ஞாபகமிருக்கிறது. யோசித்தபடியே தூங்கிப்போனான். கடைசியாக வந்தது தட்டு அல்ல. கதவின் அடியில், தரையோடு, நகத்தின் ஓசை.

ஐம்பது நிமிடம் கழித்து சிவமணி அன்ரியின் கத்தல் அவனை எழுப்பியது. கதவைத் திறந்தபோது தனுஷியா அதில் சாய்ந்திருந்தாள். உள்ளே விழுந்தாள். பால் பாக்கெட் கையிலேயே இருந்தது.

அவள் இறந்த மூன்றாம் நாள் கொண்டியைக் கழற்றிக் கடலில் எறிந்தான்.

ஏழாம் நாள், கணுக்கால். தட்டுகளுக்கு இடையில் இப்போது வேறொன்றும் கேட்டது. மெல்லிய விசில் போல ஒன்று. உள்ளே இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் ஒன்று.

அவன் மணிக்கூட்டின் கதவைத் திறந்தான். ஊசலைப் பிடித்து நிறுத்தி, கழற்றி எடுத்தான். எட்டு நாள் ஓட்டம் போயிற்று. ஜவாஹிறா திட்டட்டும். ஊசலைத் துவாயில் சுற்றி மேசையில் வைத்தான். நடுக்கதவைப் பூட்டினான். ஹோலில் ஓசையே இல்லை. பரிசோதனைத் தாளில் ‘நிறுத்தப்பட்டது’ என்று எழுதி நேரமும் போட்டான். அன்று முழுதும் வேலைக்குப் போகவில்லை. சோபாவில் உட்கார்ந்து, நினைவு மலருக்கான வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டாம் நாள் ஐந்தே முக்காலுக்கு எழும்பினான். போர்வையை மடித்தான். பல் துலக்கினான். கேத்திலில் தண்ணீர் ஊற்றியபோது கை அளவைத் தவறவிட்டது. இரண்டு கோப்பைக்கு ஊற்றியிருந்தான். ரயில் போனது. கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. மணிக்கூட்டின் முள், நேற்று நின்ற இடத்திலேயே நின்றது.

ஆறு இருபது.

தட்டவில்லை.

அவன் மூச்சை விட்டான்.

பெட்டியின் அடியில், தரையோடு, நகம் மரத்தைக் கீறியது.

ஒருமுறை. மெதுவாக.

மறுபடி.

இந்தத் தடவை அவன் படுத்திருக்கவில்லை. இந்தத் தடவை எழும்பலாம். நாலடி தூரம். நடந்தான். முழங்காலில் இருந்தான். கதவில் காதை வைத்தான். விசில். இழுத்து, நின்று, இழுத்து. சாவி வளையத்தை எடுத்தான். வீட்டுச் சாவியை நுழைக்கப் பார்த்தான். அது இல்லை. மற்றது. சிறியது.

“தனு,” என்றான். “இந்தா. திறக்கிறன்.”

கீறல் நின்றது.

திருப்பினான். கதவு தானாகத் திறந்துகொண்டது.

உள்ளே யாரும் இல்லை. இரண்டு குண்டுகள் அடித்தட்டில் கிடந்தன, நேற்றுத் தொங்கியவை. கயிறு தளர்ந்து சுருண்டிருந்தது. கதவின் உட்பக்கத்தில் கோடுகள். தோள் உயரத்தில் தொடங்கியவை. நான்கு நான்காக. கீழே வரவர ஆழமாக. கடைசிக் கோட்டின் அடியில் புதிய மரத்தூள்.

குண்டுகளுக்கு நடுவே ஒரு பால் பாக்கெட்.

வியர்த்திருந்தது. தொட்டான். குளிர்ந்தது.

அவனுக்குப் பின்னால் பித்தளை மேல் பித்தளை உரசியது. பிறகு, ‘டக்’.

திரும்பிப் பார்க்கக்கூடாது.

இரண்டாவது தடவையாகப் பார்த்தான்.

வாசல் கதவில் கொண்டி இருந்தது. நான்கு திருகாணிகளும். கடலுப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. உட்பக்கமாகப் போட்டிருந்தது.

படுக்கையறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஓர் ஆள் சாயும் சத்தம். தலையணையை இழுக்கும் சத்தம். பிறகு மூச்சு. நீளமாக. விசிலோடு. நிற்காமல்.

தேத்தண்ணி என்று அவள் கேட்டதேயில்லை. அன்று வாசலில் ஒற்றைக்காலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமலே, அவள் சொன்னது இதுதான்:

“கொண்டி போட்டிடாதேங்கோ நிரோ. பாலை வாங்கிக்கொண்டு இந்தா வந்திடுவன்.”